கர்ப்பம் பதிவதில் தொடங்கி எல்.கே.ஜி. வரை: உதவித் திட்டங்களுக்கு எந்த வரிசையில் போவது? (தமிழ்நாடு)

#1 வார்டு_உதவி

எங்கள் பகுதியில் திட்டங்களுக்கு மனு எழுதித் தரும் தன்னார்வக் குழுவுக்காக ஒரு கையேடு தயாராகிறது. திட்டங்களின் பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. எதற்கு முன்னால் எது என்பதுதான் எங்கும் இல்லை. மாதிரிக்கு ஒரு குடும்பத்தை வைத்துப் பேசுவோம்: கணவர் லோடுமேன், மனைவிக்கு வயது 22, திருமணமாகி ஒரு வருடம், முதல் கர்ப்பம், 8 வாரம். மனைவியின் பெயர் இன்னும் அவருடைய அப்பா வீட்டு ரேஷன் கார்டில். ஆதாரிலும் அந்த முகவரியே. வங்கிக் கணக்கு கல்லூரியில் உதவித்தொகைக்காகத் திறந்தது.

இவர்கள் நாளைக்குக் காலையில் முதலில் எங்கே போக வேண்டும்?

#2 பிக்மி_டெஸ்க்

முதலில் கிராம சுகாதார செவிலியரிடம். நகரம் என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து செவிலியர். ரேஷன் கார்டு, ஆதார் முகவரி எல்லாம் சரியான பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். 12 வாரத்துக்குள் கர்ப்பம் பதிவாக வேண்டும். பதிந்ததும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் (தாய்-சேய் நலப் பதிவு எண்) வரும், மக்கள் வழக்கில் 'பிக்மி நம்பர்'. தடுப்பூசி, ஸ்கேன், பிரசவம், பிறப்புச் சான்றிதழ், நிதியுதவி எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்குகின்றன. தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும் இது வேண்டும். எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது இழுபறி. அரசின் கர்ப்பப் பதிவுத் தளமான பிக்மியில் வீட்டிலிருந்தே முன்பதிவு செய்யலாம், 102-க்கு அழைத்தும் சொல்லலாம். ஆனால் முன்பதிவு எண் வேறு, ஆர்.சி.எச். எண் வேறு. செவிலியர் சரிபார்த்து ஏற்ற பிறகுதான் இரண்டாவது வரும். முன்பதிவு ரசீதை வைத்துக்கொண்டே ஐந்தாம் மாதம் வரை இருந்துவிடுகிறவர்கள் நிறைய.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் ரூ.18,000. அதில் ரொக்கம் ரூ.14,000. மீதி ரூ.4,000 தலா ரூ.2,000 மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். முன்பு ஐந்து தவணையாக இருந்த ரொக்கம் 2024-இல் மூன்றாகச் சுருங்கியது:

கர்ப்பத்தின் 4-ஆம் மாதம் ரூ.6,000
பிரசவத்துக்குப் பிந்தைய 4-ஆம் மாதம் ரூ.6,000
பிரசவத்துக்குப் பிந்தைய 9-ஆம் மாதம் ரூ.2,000

பெட்டகம் கர்ப்பத்தின் 3-ஆம் மாதமும் 6-ஆம் மாதமும். தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும், பிரசவம் அரசு மருத்துவமனையில். இணையத்தில் கிடைக்கும் பழைய ஐந்து தவணை அட்டவணையைக் கையேட்டில் ஒட்டிவிடாதீர்கள்.

#3 கணக்குப்பிள்ளை

இதோடு மத்திய அரசின் மகப்பேறு உதவியான மாத்ரு வந்தனா ரூ.5,000-ஐயும் சேர்த்து ரூ.23,000 என்று எழுதலாமே? அது முதல் குழந்தைக்குத் தனியாக வருகிறதே.

#4 பிக்மி_டெஸ்க்

தனியாக வராது. தமிழ்நாட்டில் இரண்டும் இணைந்தே நடக்கின்றன. மத்திய அரசின் பங்கு இந்த ரூ.18,000-க்குள் அடக்கம். ரூ.23,000 என்று எழுதினால் ஐயாயிரத்தைக் காணோம் என்று மக்கள் செவிலியரிடம் சண்டைக்குப் போவார்கள். ஒரு தவணை இரண்டு துண்டாக, இரண்டு வெவ்வேறு பெயரில் பாஸ்புக்கில் ஏறுவதும் இதனால்தான். ஆறாயிரத்தில் மூவாயிரம் மட்டும் வந்திருந்தால், மற்ற பாதி இன்னொரு அரசின் வழியாக வர வேண்டியது என்று அர்த்தம். எந்தப் பாதி வந்தது என்று பார்த்துவிட்டுப் புகார் கொடுங்கள்.

மாத்ரு வந்தனாவின் பொது விதி தெரிந்திருப்பது நல்லது. 2022 ஏப்ரல் 1 முதல் முதல் குழந்தைக்கு ரூ.3,000, ரூ.2,000 என இரு தவணை. இரண்டாவது பெண் குழந்தையாக இருந்தால் ரூ.6,000 ஒரே தவணை. இரண்டாவது ஆண் என்றால் இல்லை.

#5 பாஸ்புக்

பணம் நிற்கும் இடம் பெரும்பாலும் வங்கிதான், தகுதியில் அல்ல. #1-இல் உள்ள பெண்ணின் 'கல்லூரியில் திறந்த கணக்கு' என்ற ஒரு வரியிலேயே மூன்று சிக்கல் இருக்கிறது.

ஒன்று, இரண்டு வருடம் நாம் எதுவும் போடாமல் எடுக்காமல் விட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். அடையாளச் சான்றோடு கிளைக்குப் போய் உயிர்ப்பிக்க வேண்டும். அதைச் செய்துவிட்டு ஒரு நூறு ரூபாய் போட்டு எடுத்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு, பெயர். பாஸ்புக்கில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர், பிக்மியில் செவிலியர் காதால் கேட்டு ஏற்றிய எழுத்து. திருமணத்துக்குப் பிறகு ஆதாரில் பெயர் மாற்றுவதாக இருந்தால் கர்ப்பப் பதிவுக்கு முன்பே மாற்ற வேண்டும், இல்லையேல் கடைசித் தவணை வரும்வரை தொடக்கூடாது. நடுவில் மாற்றினால் பழைய பெயரில் பதிந்த பதிவு பொருந்தாமல் நிற்கும். மாற்றாமலே இருந்தாலும் குற்றமில்லை. அப்பா பெயரோடு இருக்கும் ஆதார் செல்லும்.

மூன்றுதான் பெரியது. ஆதாரைக் கணக்கோடு 'இணைப்பது' என்று மக்கள் சொல்வது இரண்டு வேறு காரியம். கே.ஒய்.சி.க்காக (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) ஆதார் நகல் கொடுப்பது ஒன்று. ஆதார் எண்ணுக்கு வரும் அரசுப் பணத்தை இந்தக் கணக்கில் வாங்கிக்கொள்கிறேன் என்று என்.பி.சி.ஐ. மேப்பரில் (எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்ற தேசியப் பட்டியல்) பதிவது மற்றொன்று, இதுதான் 'சீடிங்'. ஆதார் வழியாக அனுப்பும் பணம் பாஸ்புக் எண்ணைப் பார்க்காது. கடைசியாக மேப் ஆன வங்கிக்குப் போகும். புது சிம் வாங்கும்போது கட்டைவிரல் வைத்ததில் ஒரு பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு திறந்து, மேப்பிங்கும் அங்கே மாறியிருந்தால், மானியம் எல்லாம் அங்கே குவிந்துகொண்டிருக்கும். சம்பந்தப்பட்டவருக்கே அப்படி ஒரு கணக்கு இருப்பது தெரியாது.

சோதிப்பது சுலபம். மை ஆதார் தளத்தில் ஓ.டி.பி. போட்டு உள்ளே போனால் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று இருக்கும். வங்கியின் பெயரும், ஆக்டிவா என்பதும், எந்தத் தேதியில் மேப் ஆனது என்பதும் தெரியும். கணக்கு எண் முழுதாகக் காட்டாது. வேறு வங்கி காட்டினால், நமக்கு வேண்டிய வங்கியின் கிளையில் ஆதார் சீடிங் சம்மதப் படிவம் என்று கேட்டு வாங்கி எழுதிக் கொடுக்க வேண்டும். வெறும் 'ஆதார் லிங்க் பண்ணணும்' என்று சொன்னால் கவுண்டரில் நகலை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்டேட்டஸ் பாருங்கள்.

கணவரோடு கூட்டுக் கணக்கு, மாமியார் கணக்கு இவையெல்லாம் வேண்டாம். தாயின் பெயரில் தனிக் கணக்கு.

#6 வார்டு_உதவி

ஓ.டி.பி. என்றால் ஆதாரில் மொபைல் எண் இருக்க வேண்டுமே. பலருக்கு அங்கே பழைய எண், அல்லது அப்பாவின் எண்.

#7 ஈசேவை_கவுண்டர்

அதனால்தான் என் வரிசையில் முதல் நாள் செவிலியர், இரண்டாம் நாள் ஆதார் மையம். மொபைல் எண் மாற்ற ஆவணம் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆளும் விரல்ரேகையும் போதும். முகவரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், மொபைல் எண்ணைத் தள்ளிப் போடாதீர்கள்.

ரேஷன் கார்டுக்கு வருகிறேன். அப்பா வீட்டுக் கார்டிலிருந்து பெயரை நீக்கினால்தான் கணவர் வீட்டுக் கார்டில் சேர்க்கவோ புதுக் கார்டு கேட்கவோ முடியும். இரண்டு கார்டில் ஒரே ஆதார் ஏறாது. நீக்கலும் சேர்த்தலும் ஆன்லைனிலோ ஈ-சேவையிலோ செய்யலாம். தனிக் கார்டு கேட்டால் கள ஆய்வுக்கு வருவார்கள், தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாமனார் வீட்டில் ஒரே அடுப்பு என்றால் தனிக் கார்டு கேட்பது வீண், அந்தக் கார்டில் சேர்த்துவிடுங்கள். இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மகளிர் உரிமைத் தொகை ரூ.1,000 ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவருக்குத்தான். மாமியார் வாங்கிக்கொண்டிருந்தால் அதே கார்டில் மருமகளுக்குக் கிடைக்காது. தனிக் குடித்தனம் உண்மையாகவே இருக்கிறவர்கள் கார்டைப் பிரித்துக்கொள்வதில் தப்பில்லை.

குழந்தை பிறந்ததும் பிறப்புச் சான்றிதழை வைத்துப் பெயர் சேர்க்க வேண்டும். காப்பீட்டுக்குப் போகும்போது கார்டில் குழந்தையின் பெயரைத்தான் முதலில் தேடுவார்கள்.

#8 வருமானம்_1லட்சம்20

வருமானச் சான்றைப் பற்றி யாரும் பேசவில்லை. வரம்பு ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒவ்வொன்று:

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு: ஆண்டுக்கு ரூ.1,20,000
பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம்: ரூ.1,20,000 (முன்பு ரூ.72,000, பழைய படிவங்களில் இன்னும் அதுவே இருக்கும்)
கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25% இடம், நலிவடைந்த பிரிவு: ரூ.2,00,000-க்குள்
மகளிர் உரிமைத் தொகை: ரூ.2,50,000-க்குள்
மிஷன் வாத்சல்யா (குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம்) ஆதரவுத் தொகை: கிராமத்தில் ரூ.72,000, நகரத்தில் ரூ.96,000

ஈ-சேவையில் ரூ.60 கட்டி விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பார்த்து தாசில்தார் தருவார். விண்ணப்பத்தில் 'மாதம் 12,000' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டால் சான்றில் ரூ.1,44,000 என்று வந்து நிற்கும், முதல் இரண்டு திட்டமும் போச்சு. தினக்கூலிக்காரருக்கு வருடத்தில் 300 நாள் வேலை இருக்காது. மழை நாள், வேலை கிடைக்காத நாள் கழித்து உண்மையான நாள் கணக்கைப் போட்டு ஆண்டு வருமானமாகவே சொல்லுங்கள். குறைத்துச் சொல்லச் சொல்லவில்லை, கூட்டிச் சொல்லாதீர்கள் என்கிறேன். விசாரணைக்கு வி.ஏ.ஓ. போன் செய்யும்போது விண்ணப்பத்தில் உள்ள அதே தொகையை வீட்டில் யார் எடுத்தாலும் சொல்ல வேண்டும். கணவர் ஒன்று, மனைவி ஒன்று சொன்னால் பெரிய எண்தான் சான்றில் ஏறும்.

#9 சத்துமாவு

அங்கன்வாடிக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கர்ப்பம் பதிந்த அன்றே அங்கன்வாடியிலும் பெயர் ஏற்ற வேண்டும். கர்ப்பிணிக்கும், பிறந்து ஆறு மாதம் வரை பாலூட்டும் தாய்க்கும், ஆறு மாதத்துக்கு மேல் குழந்தைக்கும் சத்துமாவு உண்டு. இரண்டு வயது முடிந்தால் மையத்திலேயே மதிய உணவு, முட்டை, முன்பருவக் கல்வி. இதற்கு வருமானச் சான்றோ ரேஷன் கார்டோ தேவையில்லை. வடமாநிலத்திலிருந்து வந்து வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக் குழந்தையும் சேரலாம். அவர்கள் ஊரில் ஏற்கெனவே பதிந்திருந்தால் போஷன் டிராக்கரில் (அங்கன்வாடிப் பதிவுகளுக்கான ஆப்) இங்கே மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

2025 ஜூலை 1 முதல், வீட்டுக்கு எடுத்துப்போகும் மாவுக்கு முக அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். இங்கேதான் தகராறு அதிகம். முதல் முறை ஆதார் ஓ.டி.பி.யோடு இ-கே.ஒய்.சி., பிறகு ஒவ்வொரு முறையும் முகப் படம். ஆதார் படம் பத்து வருடம் பழையது என்றால் பொருந்தாமல் தள்ளும். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றாலும் பொருந்தாது, வெளிச்சம் முகத்தில் விழும்படி நிற்க வேண்டும். மறுபடியும் மறுபடியும் தள்ளினால் ஆதார் மையத்தில் புகைப்படத்தைப் புதுப்பிப்பதுதான் வழி. பணியாளரிடம் கோபப்பட்டுப் பயனில்லை, அவர் கையில் இருப்பது அந்த ஆப் மட்டுமே.

மாதாமாதம் எடை பார்ப்பதைச் சடங்காக விட்டுவிடாதீர்கள். கூடுதல் ஊட்டச்சத்து உதவிக்குக் குழந்தையைத் தேர்ந்தெடுப்பது அந்த எடையையும் உயரத்தையும் வைத்துத்தான். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை மேல்கைச் சுற்றளவு நாடாவாலும் பார்க்கலாம். இடது கை. முழங்கையை மடக்கித் தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப் புள்ளியைப் பேனாவால் குறியுங்கள். பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு அந்தப் புள்ளியில் நாடாவைச் சுற்றுங்கள். தோல் சுருங்கும் அளவு இறுக்கக்கூடாது, நாடாவுக்குள் இடைவெளியும் தெரியக்கூடாது. 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு. 11.5-க்கும் 12.5-க்கும் நடுவே என்றால் மிதமானது. மடக்கிய கையிலேயே அளப்பதும், சட்டைக் கைக்கு மேல் சுற்றுவதும்தான் வழக்கமான பிழை, இரண்டிலும் அளவு கூடக் காட்டிக் குழந்தை பட்டியலிலிருந்து தப்பிவிடும். இரண்டு பாதத்திலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பள்ளம் அப்படியே நின்றால் நாடா என்ன காட்டினாலும் சரி, அன்றைக்கே மருத்துவமனை.

#10 பிறப்பு_இறப்பு

பிறப்புச் சான்றிதழ். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதியும் இடமும் நிரூபிக்க இதுதான் ஆவணம். அதனால் எழுத்துப் பிழையை அலட்சியம் செய்யாதீர்கள். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் 30 நாள் வரை தாமதக் கட்டணம், ஒரு வருடம் வரை அதிகாரியின் அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் அளவில் உத்தரவு. மருத்துவமனைப் பிரசவத்தில் பதிவை மருத்துவமனையே அனுப்பிவிடும், நாள் தவறுவது குறைவு. தவறுவது பெற்றோர் பெயர். பிரசவ வார்டில் படிவம் நிரப்புபவரிடம் அப்பா, அம்மா இருவரின் ஆதார் நகலையும் கொடுத்து, 'இதில் உள்ளபடியே' என்று சொல்லுங்கள். வாயால் சொன்னால் 'தமிழரசி' ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதப்படும்.

குழந்தைக்குப் பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமலே பதிவாகும். ஒரு வருடம் வரை கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வயது வரை. ஆனால் முதலில் அவசரத்துக்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டு ஜோசியர் சொன்ன எழுத்துக்கு மாற்ற வருபவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: பெயரைச் சேர்ப்பது சுலபம், சேர்த்த பெயரை மாற்றுவது சுலபமில்லை. பொறுத்திருந்து சேருங்கள்.

சான்றிதழ் வந்ததும் குழந்தை ஆதார். ஐந்து வயதுக்குள் விரல்ரேகை, கருவிழி எடுக்க மாட்டார்கள். பெற்றோரில் ஒருவர் தன் ஆதாரோடு கூட வந்தால் போதும். ஐந்து முடிந்ததும் பயோமெட்ரிக் புதுப்பிக்க வேண்டும்.

#11 தாய்வீடு

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். நம் ஊரில் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். குழந்தைக்கு மூன்று, ஐந்து மாதம் ஆன பிறகுதான் புகுந்த வீடு. அதாவது பிரசவம், 6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசி, இரண்டாம் தவணைக்கான நாள் எல்லாம் வேறு மாவட்டத்தில். அங்கே உள்ள செவிலியர் 'எங்கள் பகுதியில் பதிவில்லையே' என்று புதிதாக ஒரு ஆர்.சி.எச். எண் போட்டுவிட்டால் ஒரே ஆதாருக்கு இரண்டு பதிவு. பழையதில் பிரசவ விவரம் இல்லை, புதியதில் ஆரம்பப் பரிசோதனை இல்லை. இரண்டிலும் பணம் நிற்கும்.

#12 பிக்மி_டெஸ்க்

சரியான எச்சரிக்கை. எண் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே. தாய்வீட்டுப் பகுதி செவிலியரிடம் அட்டையைக் காட்டி 'இந்த எண்ணிலேயே ஏற்றுங்கள்' என்று கேட்க வேண்டும். புறப்படும் முன் இங்குள்ள செவிலியரின் போன் எண்ணை அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். இருவரும் பேசிக்கொண்டால் ஐந்து நிமிட வேலை.

தடுப்பூசி தனியாரிடம் போட்டால் போட்டது யாருக்கும் தெரியாது. இரண்டாம் தவணை 14-ஆம் வார ஊசியோடும், கடைசி ரூ.2,000 ஒன்பது மாதம் முடிந்து போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியோடும் கட்டியது. தனியாரின் அட்டையைச் செவிலியரிடம் காட்டி ஏற்றினால்தான் பணம் நகரும். ஒன்பது மாதம் முடியும் முன்பே போட்டுக்கொண்டு வராதீர்கள், அது கணக்கில் வராது.

இன்னொன்று: அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்கோ, சிசேரியனுக்கோ, மருந்துக்கோ, ரத்தத்துக்கோ, உணவுக்கோ, வீட்டுக்குத் திரும்பும் வண்டிக்கோ காசு கிடையாது. குழந்தைக்கு ஒரு வயது வரை உடம்பு சரியில்லை என்றாலும் அப்படியே. ஜனனி சிசு சுரக்ஷா விதி அது. 'குழந்தை என்ன' என்று சொல்வதற்கே கை நீட்டுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடமும் சுகாதார உதவி எண் 104-லும் சொல்லலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் ஜனனி சுரக்ஷா தொகை கிராமத்தில் ரூ.700, நகரத்தில் ரூ.600 தனியாக உண்டு.

#13 வைப்புநிதி

பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம்: ஒரே பெண் குழந்தை என்றால் ரூ.50,000, இரண்டு பெண் குழந்தைகள் மட்டும் என்றால் தலா ரூ.25,000 அரசு வைப்பீடு. முதல் பெண்ணுக்குப் பிறகு இரட்டைப் பெண் குழந்தைகள் என்றால் மூவருக்கும் தலா ரூ.25,000. பெற்றோரில் ஒருவர் 40 வயதுக்குள் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்திருக்க வேண்டும், ஆண் குழந்தை இருக்கக் கூடாது. விண்ணப்பம் குழந்தைக்கு மூன்று வயது முடிவதற்குள். இரண்டு பெண் என்றால் இரண்டாவது குழந்தையின் மூன்று வயதுக்குள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வைப்பீடு புதுப்பிக்கப்படும். ஆறாம் ஆண்டு முதல் வருடம் ரூ.1,800 கல்விச் செலவுக்கு. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி, 18 வயது முடிந்தால் வட்டியோடு கைக்கு வரும்.

மூன்று வயது என்பது தாராளமாகத் தெரியும். ஆனால் அறுவைச் சிகிச்சைச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, ஆண் குழந்தை இல்லை என்ற சான்று, குடும்பப் புகைப்படம் என்று சேர்க்க இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்போதே தொடங்குங்கள்.

#14 தாய்வீடு

கையேட்டில் இதை எழுதும்போது கவனம். ஐம்பதாயிரம் வருகிறது, ஆபரேஷன் செய்துகொள் என்ற தொனி வரக்கூடாது. ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர்களுக்கான உதவி என்று எழுதுங்கள். 'பெற்றோரில் ஒருவர்' என்பதில் அப்பாவும் அடக்கம் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஆணுக்கான வாசக்டமி சின்னச் சிகிச்சை, அன்றே வீட்டுக்குப் போகலாம். பெரும்பாலான துண்டுப் பிரசுரங்களில் அதற்கு ஒரு வரி கூட இருக்காது.

#15 வைப்புநிதி

ஒப்புக்கொள்கிறேன். முதிர்வுத் தொகை இத்தனை லட்சம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் எண்ணையும் போடாதீர்கள். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் வட்டி மாறும். வைப்பீட்டு ரசீதின் நகலை மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டு வாங்கி வைப்பதுதான் உத்தரவாதம். 18 வருடம் கழித்து ரசீது எண் இல்லாமல் தேடுவது பெரும்பாடு.

#16 எல்கேஜி_இடம்

25% இடம்: சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பு, பள்ளியின் தொடக்க வகுப்பு எதுவோ அது. எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளி. இது எட்டாம் வகுப்பு வரை. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் சாதிச் சான்றோடு 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு' என்று விண்ணப்பிக்கலாம், வருமான வரம்பு பார்ப்பதில்லை. ஆதரவற்ற குழந்தை, மாற்றுத்திறனாளிக் குழந்தை, தூய்மைப் பணியாளர் குழந்தை போன்றோருக்குக் குலுக்கல் இல்லாமலே முன்னுரிமை. சான்று இருந்தும் அந்தக் கட்டத்தைத் தேர்வு செய்யாமல் பொதுக் குலுக்கலில் போய் இடம் இழப்பவர்கள் உண்டு.

தள்ளுபடி ஆவதற்கு முதல் காரணம் முகவரி. #1-இல் உள்ள குடும்பம் மாதிரி ஆதார் தாய்வீட்டு முகவரியில் இருந்தால் வரைபடத்தில் குறி அங்கே விழும், ஒரு கிலோமீட்டர் கணக்கு பிசகும். மூன்று வருடம் இருக்கிறது, அதற்குள் மாற்றிவிடுங்கள். வழக்கமாக விண்ணப்பம் ஏப்ரல், மே மாதத்தில். 2025-26-இல் மட்டும் நிதிப் பிரச்சினையால் அக்டோபர் வரை தள்ளிப்போனது. இலவசம் என்பது கல்விக் கட்டணத்துக்கு. வேன், சீருடை, நோட்டு என்று வருடத்துக்கு எவ்வளவு கேட்பார்கள் என்பதைச் சேரும் முன் விசாரிக்காவிட்டால், கூலிக் குடும்பத்துக்கு இந்த 'இலவசம்' தாங்காது. பக்கத்து அரசுப் பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் உண்டு என்பதையும் தட்டில் வைத்து எடை போடுங்கள்.

#17 ஒற்றைப்பெற்றோர்

அப்பா இல்லாத வீடு? கைவிடப்பட்ட தாய்?

#18 ஈசேவை_கவுண்டர்

கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மிஷன் வாத்சல்யாவில் மாதம் ரூ.4,000, வருமான வரம்பு #8-இல் இருக்கிறது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கும், ஒருவரை இழந்து மற்றவர் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள குழந்தைக்கும் 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' மாதம் ரூ.2,000, 18 வயது வரை. வழி தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098. பிறவிக் குறை, காது கேளாமை, வளர்ச்சித் தாமதம் சந்தேகம் என்றால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம். காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவிச் சிகிச்சை ஆறு வயதுக்குள் என்பதால் 'பேச்சு லேட்டா வரும்' என்று காத்திருக்க வேண்டாம். அறிவுசார் குறைபாடு 40% அல்லது அதற்கு மேல் என்றால் மாதம் ரூ.2,000 பராமரிப்புத் தொகையும் உண்டு.

#19 வார்டு_உதவி

நன்றி. வரிசையை இப்படி மாற்றியிருக்கிறேன்: செவிலியர், அங்கன்வாடி ஒரே நாளில், ஆதாரில் மொபைல் எண், வங்கி உயிர்ப்பித்தலும் சீடிங்கும் 4-ஆம் மாதத்துக்குள், ரேஷன் கார்டு பெயர் நீக்கல், சேர்த்தல், ஆதார் முகவரி பிரசவத்துக்குப் பிறகு. மனு தள்ளுபடியானால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் வேண்டும்.

#20 பாஸ்புக்

'தள்ளுபடி' என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அல்லது திரையில் வரும் ஸ்டேட்டஸைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'பேமென்ட் ஃபெயில்டு' என்றால் வங்கி வேலை, 'வெரிஃபிகேஷன் பெண்டிங்' என்றால் செவிலியர் அல்லது வட்டார மருத்துவ அலுவலர் வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்கு ஓடினால், திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் வாங்கும் மனு சுற்றிச் சுற்றி அதே செவிலியர் மேஜைக்குத்தான் வரும். முதலில் வட்டார அளவில் கேட்டு, பதினைந்து நாளில் அசையாவிட்டால் முதல்வரின் உதவி எண் 1100. அழைக்கும்போது ஆர்.சி.எச். எண், வங்கி, தவணை, படத்தில் உள்ள காரணம் நான்கையும் ஒரே மூச்சில் சொன்னால் புகார் சரியான துறைக்குப் போகும்.

#21 பிக்மி_டெஸ்க்

#19-இல் ஒரு திருத்தம். சீடிங் '4-ஆம் மாதத்துக்குள்' என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் தவணையே 4-ஆம் மாதம் என்பதால் 3-ஆம் மாதம் முடிவதற்குள் என்று போடுங்கள். முதல் பெட்டகம் வாங்க வரும் நாளில் பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் சீடிங் ஸ்டேட்டஸ் படத்தையும் கையோடு கொண்டுவரச் சொன்னால், அங்கேயே பிக்மியில் கணக்கு எண்ணை ஒருமுறை ஒத்துப்பார்த்துவிடலாம். ஐ.எஃப்.எஸ்.சி. (வங்கிக் கிளையின் குறியீடு) எழுத்துகளையும் பாருங்கள்: வங்கிகள் இணைந்த பிறகு பல கிளைகளுக்கு, பழைய பாஸ்புக்கில் அச்சான குறியீடு மாறிவிட்டது.

#22 வார்டு_உதவி

மாற்றிவிட்டேன். ஐ.எஃப்.எஸ்.சி.யை பாஸ்புக் பக்கத்திலேயே சேர்க்கிறேன்.